கழிச்சல் கண்ட கன்றுக்கு எத்தனை பாட்டில் சலைன்?

முதலில் எடை. கண் மதிப்பில் எடை தப்பினால் பின்னால் போடும் கணக்கு முழுவதும் தப்பும். தராசு இல்லையா, டேப் போதும். மார்புச் சுற்றளவு × மார்புச் சுற்றளவு × உடல் நீளம் ÷ 660. அளவு அங்குலத்தில், விடை கிலோவில். சுற்றளவு 30, நீளம் 29 என்றால் ஏறக்குறைய 40 கிலோ.

அடுத்து நீரிழப்பு. கீழ் இமையை லேசாக இழுத்து, விழி எத்தனை மி.மீ. உள்ளே போயிருக்கிறது என்று பார்த்து 1.6 ஆல் பெருக்குங்கள். 5 மி.மீ. என்றால் 8 சதவீதம். நோஞ்சான் கன்றுக்கு நீர் குறையாமலே கண் குழிந்திருக்கும், அதனால் கழுத்துத் தோலையும் கிள்ளிப் பார்க்க வேண்டும்.

இழந்தது: 40 × 8 ÷ 100 = 3.2 லிட்டர். அன்றாடத் தேவை கிலோவுக்கு 50 மி.லி. வீதம் 2 லிட்டர். இன்னும் கழியப்போவதற்கு 2 லிட்டர் வையுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஆக 24 மணி நேரத்துக்கு 7.2 லிட்டர்.

விரலை வாயில் வைத்தால் சப்பாத கன்றுக்கும், 8 சதவீதமும் அதற்கு மேலும் வற்றிய கன்றுக்கும் கழுத்துச் சிரை வழிதான். இழந்ததில் பாதி, 1.6 லிட்டர், முதல் ஒன்றரை மணி நேரத்தில் போக வேண்டும். இந்த வேகத்தில் சொட்டு எண்ண முடியாது, 500 மி.லி. பாட்டில் 28 நிமிடத்தில் தீர்கிறதா என்று பாருங்கள். ஈர இருமலோ மூச்சிரைப்போ வந்தால் உடனே வேகத்தைக் குறையுங்கள். சலைனை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி ஏற்றுவது நல்லது.

“குளுக்கோஸ் ஏத்துங்க” என்று மாட்டுக்காரர் கேட்பார். அவர் கேட்பது டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் கரைசல்; வெறும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் சோடியம் இல்லை, நீர் ரத்தக்குழாயில் தங்காது. சோடியமும் பிற உப்புகளும் உள்ள ரிங்கர் லாக்டேட் சலைன்தான் சரி.

எட்டு நாள் தாண்டிய கன்று எழ முடியாமல் கிடந்தால் ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கும். ஆய்வக வசதி இல்லாத இடத்தில் காரக் குறைவை (ரத்தத்தில் லிட்டருக்கு எவ்வளவு காரம் குறைந்திருக்கிறது என்பதை) 15 மில்லி ஈக்குவலண்ட் என்று கொள்ளலாம். எடை × 0.6 (பைகார்பனேட் உடலில் பரவும் பங்கு) × காரக் குறைவு: 40 × 0.6 × 15 = 360 மில்லி ஈக்குவலண்ட். ஒரு கிராம் சோடியம் பைகார்பனேட்டில் 12 மில்லி ஈக்குவலண்ட் இருப்பதால் 30 கிராம் தேவை; 1.3 சதவீதக் கரைசலாக ஏறக்குறைய 2.3 லிட்டர். இது 7.2 லிட்டருக்குள் அடக்கம், மேலே கூட்டாதீர்கள். ரிங்கர் லாக்டேட்டோடு கலந்தால் அதிலுள்ள கால்சியம் படிந்துவிடும், எனவே தனி பாட்டிலில் ஏற்றுங்கள்.

கன்று சப்பத் தொடங்கியதும் மீதியை ஓ.ஆர்.எஸ். கரைசலாக வாய்வழி கொடுக்கலாம், வேளைக்கு 2 லிட்டர். பாலை நிறுத்த வேண்டாம், ஓ.ஆர்.எஸ். தரும் சக்தி மட்டும் கன்றுக்குப் போதாது. இரண்டையும் ஒன்றாகக் கலக்காமல் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.