கருப்பை உள்சவ்வு தடிப்பு: கருப்பையை எடுப்பதா, மருந்தில் பார்ப்பதா?

ஸ்கேனில் 'எண்டோமெட்ரியம் (கருப்பை உள்சவ்வு) தடிப்பு' என்று வந்ததை மட்டும் வைத்துக் கருப்பையை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். முடிவைச் சொல்வது பயாப்ஸி (சவ்வின் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) ரிப்போர்ட். அதைக் கையில் வாங்கி, 'அட்டிபியா' (செல்களில் அசாதாரண மாற்றம்) இருக்கிறதா, இல்லையா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் வழி வேறு.

அட்டிபியா இல்லையென்றால் அவசரமே இல்லை. 20 ஆண்டுகளில் புற்றுநோயாக மாறுவது 100 பேரில் 5 பேருக்கும் குறைவு. முதல் தேர்வு, லெவோனார்ஜெஸ்ட்ரல் 52 மி.கி. உள்ள ஹார்மோன் காயில் (கருப்பைக்குள் பொருத்தும் சிறு சாதனம்). மருந்து நேராக உள்சவ்வில் வேலை செய்வதால் மாத்திரையைவிட நன்றாகக் கேட்கும். முதல் 3 முதல் 6 மாதம் சொட்டுச் சொட்டாக உதிரம் படலாம். காயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பலர் அப்போதுதான் எடுத்துவிடுகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காயில் வேண்டாமென்றால் மெட்ராக்ஸிபுரோஜெஸ்டரோன் தினமும் 10–20 மி.கி., அல்லது நோரெதிஸ்டரோன் 10–15 மி.கி.; இடைவெளி விடாமல் குறைந்தது 6 மாதம். உதிரப்போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்துவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. உதிரம் நிற்பதும் சவ்வு சரியாவதும் ஒன்றல்ல. ரத்தக்கட்டு அல்லது மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முன்பே டாக்டரிடம் சொல்ல வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை பயாப்ஸி. தொடர்ந்து இரண்டு முறை சுத்தமாக வர வேண்டும். காயில் உள்ளே இருக்கும்போதே பயாப்ஸி எடுக்கலாம்.

அட்டிபியா இருந்தால், குழந்தைப்பேறு முடிந்தவர்களுக்கு அறுவை சிகிச்சையே சரி என்று தயங்காமல் சொல்வோம். பயாப்ஸியில் வருவது சவ்வின் சிறு துணுக்கு மட்டும். எடுத்த கருப்பையை முழுதாகச் சோதித்தபோது 100 பேரில் 40 பேருக்கு வரை ஏற்கெனவே புற்றுநோய் இருந்ததாக ஆய்வுகள் உண்டு. டாக்டரிடம் மூன்றைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்: கருப்பை வாயும் சேர்த்து எடுக்கப்படுமா, லேப்ராஸ்கோப்பியில் கருப்பையைத் துண்டாக்காமல் வெளியே எடுப்பார்களா, சினைப்பைகள் என்ன ஆகும்? மாதவிடாய் நின்றவர்களுக்குச் சினைப்பைகளையும் எடுப்பது வழக்கம். நிற்காதவர்களுக்கு அது தனியாகப் பேசி எடுக்கும் முடிவு. உள்சவ்வைச் சுட்டு அழிக்கும் அப்லேஷனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தழும்பு கட்டிக்கொள்ளும், அதற்குப் பின்னால் வளர்வது பயாப்ஸிக்கு அகப்படாது.

குழந்தை வேண்டும் என்பவர்களுக்கும், மயக்க மருந்து தாங்காதவர்களுக்கும் மாற்றுவழி உண்டு. ஆனால் அதற்கு முன் பயாப்ஸி ஸ்லைடை இன்னொரு நோயியல் நிபுணர் பார்க்க வேண்டும்; ஹிஸ்டரோஸ்கோப்பியில் (கருப்பைக்குள் சிறு கேமரா விட்டு) பார்த்தே பயாப்ஸி எடுக்க வேண்டும்; எம்.ஆர்.ஐ.யில் தசைச்சுவரும் சினைப்பையும் சுத்தமாக இருக்க வேண்டும். பிறகு ஹார்மோன் காயில், அல்லது மெஜெஸ்ட்ரால் மாத்திரை தினமும் 160 மி.கி.; 3 மாதத்துக்கு ஒருமுறை பயாப்ஸி. இரண்டு முறை சுத்தமாக வந்ததும் கருத்தரிப்பு நிபுணரிடம் தாமதிக்காமல் போங்கள், ஏனெனில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். ஓராண்டாகியும் மாறாவிட்டால் அறுவை சிகிச்சைதான். குழந்தை பிறந்த பிறகும் கருப்பையை எடுத்துவிடவே பரிந்துரைப்பார்கள்.

எந்த வழியானாலும், ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து கூடுகிறது என்று பாருங்கள். உடல் பருமன், பிசிஓஎஸ், டமாக்ஸிஃபென் (கருப்பையில் ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும் மார்பகப் புற்றுநோய் மருந்து), புரோஜெஸ்டரோன் சேராத ஹார்மோன் மாத்திரை இவை முக்கியக் காரணங்கள். குடும்பத்தில் பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய் இருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் (இந்தப் புற்றுநோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும் பரம்பரைக் கோளாறு) பரிசோதனையைக் கேளுங்கள். அது இருந்தால் முடிவே மாறலாம்.

அறுவை சிகிச்சை செய்துகொண்டால், எடுத்த கருப்பையின் நோயியல் ரிப்போர்ட்டை வாங்காமல் விடாதீர்கள். புற்றுநோய் மறைந்திருந்ததா, மேற்கொண்டு சிகிச்சை வேண்டுமா என்பது அதில்தான் தெரியும்.