ஆரஞ்சு லிக்யூர் மக்கரோன்: ஈரம் கெடுக்கும் இடங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகளும்

பாதாம் மாவும் முட்டை வெள்ளை நுரையும் சேர்த்துச் செய்யும் பிரெஞ்சு இனிப்பான மக்கரோன் சரியாக வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது மேலே உள்ள பாதாம் ஷெல்லைத்தான். வெடித்திருக்கிறதா, அடியில் நுரைத்த விளிம்பு எழும்பியிருக்கிறதா என்று. ஆனால் பேக்கிங் அவனிலிருந்து அழகாக வெளிவந்த ஷெல், கிரீம் வைத்து மறுநாள் எடுக்கும்போது சொதசொதவென்று ஆகிவிடுவதும் உண்டு. நடுவில் ஆரஞ்சு லிக்யூர் (ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மது) சேர்த்த கிரீம் என்றால் அதற்கு வாய்ப்பு இன்னும் அதிகம். ஷெல் வெடிப்பதற்கும் சரி, நமுத்துப்போவதற்கும் சரி, பெரும்பாலும் ஒரே காரணம்தான்: எங்கோ ஓரிடத்தில் ஈரம் கணக்கு மீறிவிட்டது.

பிரான்ஸில் எல்லா மக்கரோனும் இரண்டு ஷெல் ஒட்டியது அல்ல. நான்சி நகரத்து மக்கரோன் ஒற்றையாக, மேற்பரப்பு வெடித்துத்தான் இருக்கும். அங்கே அது குறை இல்லை. இரண்டு ஷெல்லுக்கு நடுவே கிரீம் வைக்கும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பாரிஸில், லதூரே கடை வழியாகப் பரவியது. வழவழப்பான மேற்பரப்பு, சீரான விளிம்பு என்ற எதிர்பார்ப்பெல்லாம் இந்தப் பாரிஸ் வகைக்குத்தான். தூத்துக்குடி மக்ரூனும் முட்டை வெள்ளையில் நிற்பதுதான் என்றாலும், முந்திரி போட்டு, குறைந்த சூட்டில் நெடுநேரம் காயவிட்டு முழுக்க மொறுமொறுவென்று எடுப்பது. அந்தக் கைப்பழக்கம் இங்கே முட்டை வெள்ளையை அடிப்பதோடு நின்றுவிடும்.

அளவு இதுதான். ஷெல்லுக்கு முட்டை வெள்ளை 100 கிராம், பொடிச் சர்க்கரை போல நைசான வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், தோல் நீக்கிய பாதாம் மாவு 125 கிராம், ஐசிங் சுகர் 125 கிராம். கிரீமுக்கு முட்டை மஞ்சள் கரு 3, சர்க்கரை 80 கிராம், தண்ணீர் 30 மி.லி., உப்பில்லா வெண்ணெய் 150 கிராம், ஒரு ஆரஞ்சின் தோல் துருவல், ஆரஞ்சு லிக்யூர் 20 மி.லி. இதில் சுமார் 25 ஜோடி வரும். ஷெல்லுக்கு உடைத்த முட்டையின் மஞ்சள் கரு கிரீமுக்குப் போய்விடுவதால் வீணாவதும் இல்லை.

கப், ஸ்பூன் கணக்கில் அளப்பது முதல் தவறு. நம் ஊர்க் கடையில் கிடைக்கும் முட்டையில் வெள்ளை 28 கிராமும் இருக்கும், 36 கிராமும் இருக்கும். மூன்று முட்டை என்று எண்ணி உடைத்தால் 84 கிராமா 108 கிராமா என்று தெரியாது. அந்த வித்தியாசமே மாவைத் தளர்த்திவிடப் போதும். கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

பாதாமை வீட்டு மிக்ஸியில் அரைப்பவர்கள் தொடர்ந்து ஓட்டிவிடுகிறார்கள். ஜார் சூடேறி எண்ணெய் கசிந்து மாவு கட்டிப்படும்; அந்த எண்ணெய் முட்டை நுரையை உடைக்கும், ஷெல்லின் மேல் திட்டுத்திட்டாகக் கறையும் விழும். ஐசிங் சுகரைச் சேர்த்தே, இரண்டு மூன்று வினாடி விட்டு விட்டு பல்ஸில் அரைத்து, சலித்துவிடுங்கள். தோல் நீக்க வெந்நீரில் போட்ட பாதாம் என்றால், முழுக்கக் காய்ந்த பிறகுதான் அரைக்க வேண்டும். வாங்கிய மாவு லேசாக ஈரமாகத் தோன்றினால் 100 டிகிரி அவனில் 15 நிமிடம் வைத்து, நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்தலாம்.

முட்டை வெள்ளையை இரண்டு மூன்று நாள் ஃபிரிட்ஜில் பழசாக்க வேண்டும் என்று பலர் வலியுறுத்துவார்கள். அது அவ்வளவு அவசியம் இல்லை. குளிர்ச்சி போயிருந்தால் போதும். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை இருப்பதுதான் உண்மையான ஆபத்து. பிளாஸ்டிக் கிண்ணம் எவ்வளவு தேய்த்தாலும் பசையை விடாது; எவர்சில்வர் அல்லது கண்ணாடிதான் சரி. மஞ்சள் கரு ஒரு துளி விழுந்தாலும் அந்த வெள்ளையை ஆம்லெட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள்.

வெள்ளை சோப்பு நுரை போல ஆனதும் சர்க்கரையை மூன்று தடவையாகச் சேர்த்து, நடுத்தர வேகத்தில் அடிக்க வேண்டும். பீட்டரைத் தூக்கினால் நுனி நிமிர்ந்து நின்று, உச்சி மட்டும் லேசாக வளைய வேண்டும். அதைத் தாண்டி அடித்தால் பளபளப்பு போய், பஞ்சுப் பஞ்சாகப் பிரியும். உள்ளே வெற்றிடத்தோடு வரும் ஷெல்லுக்கு இந்த மிகை அடிப்பு ஒரு முக்கியக் காரணம். நிறம் வேண்டும் என்றால் ஜெல் அல்லது பவுடர் வகை மட்டும். கேசரிக்கு ஊற்றும் திரவக் கலர் இங்கே வேண்டாத தண்ணீர்.

அடுத்தது மக்கரோனாஜ், அதாவது நுரையைப் பாதாம் மாவோடு கலப்பது. "50 தடவை மடிக்கவும்" என்று எண்ணிக்கை சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். நுரையின் கெட்டி ஒவ்வொரு முறையும் வேறு. ஸ்பேட்டுலாவிலிருந்து மாவு அறுபடாமல் ரிப்பனாக இறங்கி, விழுந்த மடிப்பு 20, 30 வினாடிக்குள் கரைந்து சமமாக வேண்டும். ஒரு தட்டில் ஒரு துளி விட்டுப் பாருங்கள். நுனி கூம்பாகவே நின்றால் இன்னும் நான்கைந்து மடிப்பு தேவை. துளி தானாகப் பரவி ஓடினால் கை மீறிவிட்டது. அந்த மாவு தட்டையாக, விளிம்பில்லாமல்தான் வேகும். அதைத் திரும்பக் கெட்டியாக்க வழி கிடையாது என்பதால் சந்தேகம் வந்தால் முன்னதாகவே நிறுத்துவது நல்லது. பையில் நிரப்பிப் பிழியும்போதும் மாவு கொஞ்சம் தளரும்.

8 முதல் 10 மி.மீ. வட்ட நாசில், செங்குத்தான கை, மூன்றரை செ.மீ. வட்டம். பிழிந்ததும் தட்டை மேசையில் மூன்று நான்கு முறை ஓங்கித் தட்டி, எஞ்சிய குமிழியைப் பல் குச்சியால் உடைத்துவிடுங்கள்.

இனி உலர்த்துவது. 30 நிமிடம் என்று ஐரோப்பியக் குறிப்புகள் சொல்வது அங்குள்ள வறண்ட காற்றுக்கு. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் போன்ற கடலோர ஊரில், அதுவும் மழை நாளில், ஒரு மணி நேரம் ஆனாலும் ஆடை கட்டாது. கடிகாரத்தைப் பார்க்காமல் விரலால் ஓரத்தில் மெல்லத் தடவிப் பாருங்கள். மாவு ஒட்டாமல், மெல்லிய தோல் தட்டுப்பட வேண்டும். உள்ளே கிளம்பும் நீராவி மேலே போக வழியில்லாமல் அடிப்பக்கமாக வெளியேறும்போதுதான் அந்த நுரைத்த விளிம்பு உருவாகிறது. தோல் கட்டாவிட்டால் நீராவி உச்சியைப் பிளந்துகொண்டு வரும். ஏசி அறையில் வைப்பது சுலபமான வழி. ஈரப்பதம் எப்போதுமே அதிகமுள்ள சமையலறை என்றால், முட்டை வெள்ளையில் 118 டிகிரிக்குக் காய்ச்சிய சர்க்கரைப் பாகை ஊற்றி அடிக்கும் இத்தாலியன் மெராங்குக்கு மாறிவிடுவதே உத்தமம். வேலை கூடும், ஆனால் நுரை உறுதியாக நிற்கும்.

அவனின் திருகில் காட்டும் டிகிரியை அப்படியே நம்பாதீர்கள். உள்ளே தொங்கவிடும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஃபேன் இல்லாமல் 150 டிகிரி, ஃபேனோடு 140. 14 முதல் 16 நிமிடம். ஒரு நேரத்தில் ஒரு தட்டு. ஓடிஜி எனும் சிறிய மின் அவனில் மேலே சூடேறும் கம்பி நெருக்கமாக இருப்பதால் நிறம் பழுப்பேறும். தட்டைக் கீழ் வரிசையில் வைத்து, மேல் வரிசையில் ஒரு காலித் தட்டை மறைப்பாக வைக்கலாம். விளிம்பு ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் பெரும்பாலும் ஃபேன் வேகம் அல்லது சுருங்கிய பேக்கிங் பேப்பர். ஷெல்லின் தலையைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள்: விளிம்பின் மேல் வழுக்கி அசைந்தால் இன்னும் இரண்டு நிமிடம். அவசரப்பட்டு எடுத்தால் நடு அமுங்கி, அடி காகிதத்தோடு போய்விடும். முழுக்க ஆறிய பிறகே உரிக்க வேண்டும்.

கிரீமில் நடக்கும் தவறுகள்

லிக்யூர் என்றதும் பலர் கையை தாராளமாக விடுகிறார்கள். வெண்ணெயில் ஏற்கெனவே 16 சதவீதம் அளவுக்குத் தண்ணீர் இருக்கிறது. 150 கிராம் வெண்ணெய்க்கு 20 மி.லி. லிக்யூர், மிஞ்சினால் 25. அதற்கு மேல் போனால் கிரீம் திரியும். திரியாவிட்டாலும் ஃபிரிட்ஜில் ஈரத்தை ஷெல்லுக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். மணம் போதவில்லை என்றால் கூட்ட வேண்டியது தோல் துருவலை. ஆரஞ்சின் மணம் தோலின் எண்ணெயில்தான் இருக்கிறது. துருவலைச் சர்க்கரையோடு விரலால் கசக்கி, சர்க்கரை ஈரமாகி மஞ்சளாகும் வரை தேய்த்துவிட்டால் ஒரே பழம் போதும். இதற்குக் கிரீமின் பாகுக்கான 80 கிராம் சர்க்கரையிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வைத்துக்கொண்டு, வெண்ணெய்க்குப் பிறகு சேர்க்கலாம். துருவலைப் பாகில் கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசப்பு, அதைத் தொடக்கூடாது.

எந்த லிக்யூர் என்பதும் முக்கியம். குவான்ட்ரோவும் கிரான் மார்னியேவும் 40 சதவீத ஆல்கஹால் கொண்டவை. முன்னது நிறமற்றது, ஆரஞ்சு மணம் கூர்மையாக இருக்கும்; பின்னது கோன்யாக் என்ற பிராந்தி கலந்தது, கிரீம் சற்றுப் பழுப்பேறும், சுவை கனமாகும். வெள்ளை ஷெல்லுக்குக் குவான்ட்ரோ, சாக்லேட் ஷெல்லுக்குக் கிரான் மார்னியே என்று பிரிப்பதே சரி. டிரிப்பிள் செக் என்ற ஆரஞ்சு லிக்யூரின் மலிவான வகைகள் பல 20 சதவீத அளவில்தான் இருக்கும். அதே மணத்துக்கு அதிகம் ஊற்ற வேண்டிவரும், அதனால் தண்ணீரும் கூடும். எலுமிச்சை லிக்யூரான லிமோன்செல்லோவுக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. நீல நிற ஆரஞ்சு லிக்யூரான புளூ குராசோவை வெண்ணெய் கிரீமில் விட்டால் நீலம் வராது. மஞ்சளோடு சேர்ந்து பாசி நிறம்தான் வரும்.

கிரீமுக்கான சர்க்கரையும் தண்ணீரும் கொதித்து, பாகு 118 டிகிரி வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு உருட்டிப் பாருங்கள். மெத்தென்ற உருண்டையாகத் திரண்டால் பதம். கம்பிப் பதத்திலேயே இறக்கினால் கிரீம் நீர்த்துப்போகும். நன்றாக அடித்த மஞ்சள் கருவில் பாகை மெல்லிய தாரையாக, சுழலும் பீட்டரில் படாமல் கிண்ணத்தின் ஓரமாக ஊற்ற வேண்டும். கிண்ணத்தின் அடி கைக்குச் சூடே தெரியாத வரை அடித்துவிட்டு, பிறகுதான் வெண்ணெய். இந்தப் பொறுமை இல்லாமல் வெண்ணெயைப் போட்டு உருக்கிவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. வெண்ணெய் 20, 21 டிகிரியில், விரல் அழுத்தினால் பதிய வேண்டும், மினுங்கக் கூடாது. நம் வெயிலுக்கு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடமே அதிகம்.

லிக்யூர் கடைசியில், அறை வெப்பத்தில், ஒரு டீஸ்பூன் ஒரு டீஸ்பூனாக. சூடான கலவையில் விட்டால் மணம் முதலில் ஆவியாகும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றினால் வெண்ணெய் விறைத்து, கிரீம் தயிர் திரிந்ததுபோல் ஆகும். கொட்டிவிட வேண்டாம்: கிண்ணத்தை வெந்நீர் ஆவியின் மேல் சில வினாடி காட்டி மறுபடி அடித்தால் சேர்ந்துவிடும். மாறாக, கிரீம் தளர்ந்து ஓடினால் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்து அடிக்க வேண்டும்.

லிக்யூர் வேண்டாம் என்பவர்கள் 20 மி.லி. ஜூஸை நேரடியாக ஊற்றிவிடுகிறார்கள். அது ஏறக்குறைய வெறும் தண்ணீர். 100 மி.லி. ஜூஸைச் சுண்டவைத்து 20 ஆக்கி, ஆறவிட்டு, அதில் பாதி மட்டும் சேருங்கள். லிக்யூர் சேர்த்த கிரீம் அடுப்பு காண்பதில்லை என்பதால் ஆல்கஹால் அப்படியே இருக்கும். ஒரு மக்கரோனுக்குச் சொற்பம்தான் என்றாலும், குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீட்டில் தனித் தட்டாக வைத்து, சொல்லிவிட்டே பரிமாற வேண்டும்.

ஷெல்லின் உட்பக்கம் லிக்யூர் தடவுவது இன்னொரு வழக்கம். அதிகம் வெந்து கல்லாகிப்போன ஷெல்லுக்கு மட்டும் அது மருந்து. சரியாக வெந்ததற்குக் கேடு.

செய்த அன்றே சாப்பிட்டால் ஷெல் தனியாக, கிரீம் தனியாகத் தெரியும். காற்றுப் புகாத டப்பாவில் 24 மணி நேரம் ஃபிரிட்ஜில் இருந்தால் ஈரம் அளவாக ஏறி உள்பக்கம் மென்மையாகும். பரிமாறும் முன் 20 நிமிடம் வெளியே வைத்தால் கிரீம் இளகும். மூன்று நான்கு நாளுக்கு மேல் வைப்பதென்றால் ஃபிரீஸர்தான். எடுக்கும்போது டப்பாவைத் திறக்காமல் முதலில் ஃபிரிட்ஜுக்கு மாற்றி, ஐஸ் முழுக்க விட்ட பிறகு திறக்க வேண்டும். இல்லையென்றால் வெளிக்காற்றின் ஈரம் ஷெல் மேல் முத்து முத்தாகப் படிந்து, தொட்ட இடமெல்லாம் பிசுபிசுக்கும்.