மெட்டபாலிக் சிண்ட்ரோம்: நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடாமல் இருக்க

ஜனவரியில் தினமும் ஒரு மணி நேரம் நடப்பேன் என்று ஆரம்பித்தேன். பதினோரு நாள்தான் நடந்தேன். என்ன செய்ய வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை, ஆரம்பித்த அளவுதான் தப்பு. அதனால் சின்ன அளவில் ஆரம்பிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு டெய்லர் டேப் எடுங்கள். மூச்சை வெளியே விட்டு, விலா எலும்பின் அடி நுனிக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் சுற்றி அளங்கள். நம்மவர்களில் ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. எட்டிவிட்டால் கவனம் தேவை. இதோடு வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்கு மேல், பிரஷர் 130/85க்கு மேல், ரத்தத்தில் இருக்கும் ஒரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 150க்கு மேல், நல்ல கொழுப்பான எச்.டி.எல். ஆணுக்கு 40க்கும் பெண்ணுக்கு 50க்கும் கீழே. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் அதுதான் மெட்டபாலிக் சிண்ட்ரோம். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் சாப்பாட்டைக் குறைக்கும் முன் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கிவிடலாம்.

அடுத்தது தட்டு. எதையும் மாற்றாமல், மதியம் எத்தனை கரண்டி சோறு போட்டுக்கொள்கிறீர்கள் என்று மூன்று நாள் எண்ணுங்கள். எனக்கு ஐந்து வந்தது. நாலாம் நாள் ஒரே ஒரு கரண்டியைக் குறைத்து, அந்த இடத்தில் பொரியலோ கீரைக் கடைசலோ வையுங்கள். பொரியலை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். இரண்டு வாரம் பழகிய பிறகு இன்னொரு கரண்டி. ஒரேயடியாகப் பாதியாக்கினால் நாலு மணிக்குப் பசித்து, டீக்கடை பஜ்ஜியில் போய் நிற்போம்.

வேலூர்ப் பக்கம் கேழ்வரகுக் களி நம் பழக்கம். நார்ச்சத்து உண்டு, நல்லதுதான். ஆனால் களியும் மாவுச்சத்துதான்; சத்தானது என்று இரண்டு உருண்டை போட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். சின்னதாக ஒரு உருண்டை, கூட நிறையக் கீரை போதும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் கிடைத்தால் எண்ணெயில் மிதக்க விடாமல் சுட்டுக் கடைந்து பாருங்கள். அந்தக் காய்க்கு அதிக எண்ணெய் தேவையே இல்லை.

சரி, நடை. காலையில் கோட்டைப் பக்கம் நடக்க முடிந்தவர்கள் நடக்கலாம். ஆனால் மே மாதத்தில் ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று அடிக்கும். வெயிலைச் சொல்லியே நின்றுபோகும். அதனால் ராத்திரிச் சாப்பாட்டோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். தட்டைக் கழுவி வைத்த கையோடு செருப்பை மாட்டுங்கள். தெருவிலோ மாடியிலோ பத்து நிமிடம். சாப்பிட்ட பின் நடந்தால் தசைகள் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பத்து நிமிடம் பழகிய பிறகு ஐந்தைந்தாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள், அரை மணி நேரத்துக்கு வாருங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது; வேகம் அவ்வளவுதான். அப்புறம் வாரம் இரண்டு நாள், நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள். நடக்கும்போது நெஞ்சு வலித்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நடந்த நாளைச் சுவர்க் காலண்டரில் வட்டமிடுங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை, அடுத்த நாளையும் விடாதீர்கள். என்னைக் காப்பாற்றியது இந்த ஒரு விதிதான். ஆம்பூரில் கல்யாணம், பிரியாணி வாசனை ஆளை இழுக்கும். ஒரு தட்டு சாப்பிடுங்கள், மனசாரச் சாப்பிடுங்கள். அன்று ராத்திரியும் பத்து நிமிடம் நடந்துவிடுங்கள். கெட்டது கெட்டுவிட்டது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை டேப்பை எடுத்தால் போதும். 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைந்தாலே சர்க்கரையிலும் டிரைகிளிசரைடிலும் மாற்றம் தெரியலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுங்கள். டாக்டரைப் பார்க்கப் போகும்போது பழைய ரிப்போர்ட்டையும் அந்தக் காலண்டர் தாள்களையும் எடுத்துப் போங்கள்.