உப்புக்காற்றில் தோசைக்கல்

எங்கள் வீட்டு மாடியில் நின்றால் காசிமேட்டு விசைப்படகுகள் தெரியும். மீனுக்குக் குறைவில்லை, இரும்புப் பாத்திரம் வைத்துக்கொள்ளத்தான் பெரும்பாடு. ராத்திரி ஈரத்தோடு கவிழ்த்த தோசைக்கல், விடிந்தால் செங்கல் நிறத்தில் இருக்கும்.

அதற்காகத் தோசைக்கல்லை விட முடியுமா? வார்ப்பிரும்பிலேயே வாங்குங்கள். கடையிலேயே சமமான இடத்தில் வைத்து விளிம்பை அழுத்திப் பாருங்கள், ஆடினால் வேண்டாம். கரண்டியால் தட்டினால் 'ணங்'கென்று கேட்க வேண்டும். 'டொக்' என்றால் எங்கேயோ விரிசல். வீட்டுக்கு வந்ததும் தேய்த்துக் கழுவி, அரிசி களைந்த தண்ணீரில் 2 நாள் ஊறவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். அப்புறம் அடுப்பில் காயவைத்து, எண்ணெய் தடவி, பாதி வெங்காயத்தால் தேயுங்கள். முதல் நாலு தோசை பிய்ந்துதான் வரும், அது காக்காய்க்கு.

தினமும் கழுவியதும் துணியால் துடைத்தால் மட்டும் எங்கள் பக்கம் போதாது. அடுப்பில் 1 நிமிடம் வைத்து ஈரத்தை விரட்டுங்கள். சூட்டோடு 2 சொட்டு எண்ணெய் தடவி, தடவியதே தெரியாதபடி துடைத்துவிடுங்கள். நான் ஆரம்பத்தில் தாராளமாகத் தடவினேன். பிசுக்காகி, தூசி ஒட்டி, கரப்பானுக்கு விருந்தானது.

மீன்குழம்புக்கு மண்சட்டிதான். புளி அலுமினியத்தை அரிக்கும், இரும்பில் வைத்தால் குழம்பே கறுத்துவிடும். சட்டிக்குச் சோப்பு ஆகாது, மண் குடித்துவிடும். கடலைமாவும் தேங்காய் நாரும் போதும். கொதிக்கும் சட்டியை ஈரத்தரையில் வைக்காமல் பிரிமணையில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடிபோட்டு அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், திறந்தே வையுங்கள்.

எவர்சில்வர் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு வைத்திருந்தால் அடியில் காந்தம் ஒட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேக் தட்டில்தான் நான் ஏமாந்தேன். பளபளவென்ற கறுப்புப் பூச்சைப் பார்த்து வாங்கி, ஜனவரியில் பரணில் ஏற்றினேன். டிசம்பரில் இறக்கினால் மடிப்பெல்லாம் துரு. கறுப்புத் தட்டு சூட்டை வேகமாக இழுப்பதால் கேக்கின் ஓரமும் முன்பே கருகியிருந்தது. இப்போது மடிப்பே இல்லாத, கனமான அலுமினியத் தட்டு. கழுவி, அணைத்த ஓவனின் மிச்சச் சூட்டிலேயே காயவைத்து, நடுவில் செய்தித்தாள் வைத்து அடுக்குகிறேன்.

அச்சுமுறுக்கு அச்சுக்கு மட்டும் சோப்பைக் காட்டுவதே இல்லை. எண்ணெயை வழித்துத் துடைத்து டப்பாவில் போட்டு இறுக மூடிவிடுவேன். சோப்பு போட்டால் அடுத்த கிறிஸ்துமஸுக்கு முதல் ஈடு முழுக்க மாவு அச்சை விட்டு இறங்காது.