ஆட்டோமேட்டிக் காரில் பேடில் ஷிஃப்டர்: வேலை இடது பேடிலுக்குத்தான்

கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் காரில், ஸ்டியரிங்குக்குப் பின்னால் கியர் போட இரண்டு விசைகள் எதற்கு? விற்பவரைக் கேட்டால் 'ஸ்போர்ட்டியா இருக்கும் சார்' என்பார். அதற்காக மட்டும் என்றால் வேண்டாம், சீக்கிரமே சலித்துவிடும். வலது பேடிலை (+) தொடவே இல்லையென்றாலும் பெரிய நஷ்டமில்லை. கியர் ஏற்றும் வேலையைக் கியர்பாக்ஸ் நம்மைவிட நன்றாகவே செய்யும். காசு கொடுப்பதற்கு நியாயம் இடது பேடிலில் (−) இருக்கிறது. அடுத்த வளைவு தாண்டி இறக்கம் வருவதும், முன்னால் போகும் லாரியை முந்தப் போவதும் உங்களுக்குத் தெரியும். பெரும்பாலான கார்களில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. நீங்கள் ஆக்ஸிலரேட்டரையோ பிரேக்கையோ மிதித்த பிறகுதான் அது யோசிக்கத் தொடங்கும். அந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் இடது பேடில்.

1989-ல் ஃபெராரியின் 640 ஃபார்முலா 1 காரில் ஜான் பர்னார்ட் இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பிரேசிலில் நடந்த அந்த ஆண்டின் முதல் பந்தயத்திலேயே நைஜல் மான்செல் அதில் ஜெயித்தார். அங்கே அது வேகத்துக்காக. நம் காரில் பேடில் வெறும் ஒரு சுவிட்ச். 'கியரை இறக்கு' என்று கம்ப்யூட்டரிடம் மனு கொடுக்கும். மனுவை ஏற்பதும் தள்ளுபடி செய்வதும் கம்ப்யூட்டரின் இஷ்டம்.

படி 1: எந்தக் கியர்பாக்ஸ் என்று பாருங்கள்

டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் வழக்கமான ஆட்டோமேட்டிக்): பேடிலால் நல்ல பயன் உண்டு. கியர் மாறுவது மென்மையாக இருக்கும், சூடு தாங்கும்.

டூயல் கிளட்ச் (ஒற்றைப்படைக் கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக் கியர்களுக்கு இன்னொன்று): பதில் மிக வேகம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. அடுத்து எந்தக் கியர் தேவைப்படும் என்று ஊகித்து அதை முன்கூட்டியே தயாராக வைத்திருக்கும். வேகமெடுத்துக்கொண்டிருக்கும்போது மேல் கியர்தான் தயாராக இருக்கும். அந்த நேரம் பார்த்து இடது பேடிலை இழுத்தால் ஒரு கணம் தயங்கும். ஐந்திலிருந்து மூன்றுக்குத் தாவச் சொன்னாலும் அப்படித்தான், இரண்டும் ஒரே கிளட்சின் கீழ் வருபவை.

சிவிடி (விகிதத்தைத் தொடர்ச்சியாக மாற்றிக்கொண்டே போகும் ஆட்டோமேட்டிக்): உள்ளே படிப்படியான கியர்கள் கிடையாது. பெல்ட்டும் புல்லிகளும்தான். 'ஏழு ஸ்டெப்' என்பதெல்லாம் மென்பொருள் போடும் நடிப்பு. முந்தும்போது இதனால் லாபம் குறைவு. இறக்கத்தில் என்ஜின் பிரேக்கிங் (பிரேக் மிதிக்காமலே என்ஜின் வண்டியைப் பிடித்து இழுப்பது) கிடைக்கும் என்பதால் முழுக்க வீண் என்று சொல்ல முடியாது.

ஏஎம்டி (கிளட்சையும் கியரையும் கம்ப்யூட்டர் இயக்கும் மேனுவல் கியர்பாக்ஸ்): கியர் மாறும் இடைவெளியில் இழுவை அறுபடும், பேடில் இருந்தாலும் அந்தக் குலுக்கல் போகாது. கியர் ஏற்றும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்திப் பிடிப்பதுதான் வழி. இதில் பேடிலுக்காகத் தனியாகச் செலவழிக்க வேண்டாம்.

படி 2: சமதளத்தில் ஒரு ஒத்திகை

போக்குவரத்து இல்லாத நேரான சாலையில், 'டி'-யிலேயே (D, தானியங்கி நிலை), மணிக்கு 60 கி.மீ. அளவில் செல்லுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இடது பேடிலை ஒருமுறை இழுத்து விடுங்கள். மீட்டரில் கியர் எண் தோன்றும், ஆர்பிஎம் (என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பது) ஏறும், கார் பின்னால் லேசாகப் பிடித்து இழுக்கும். அவ்வளவுதான். கிளட்ச் இல்லை, லீவரைத் தொட வேண்டியதும் இல்லை.

ஆர்பிஎம் எவ்வளவு ஏறும் என்பது கியர் விகிதத்தைப் பொறுத்தது. பல கார்களில் இருக்கும் இசட்எஃப் (ZF) நிறுவனத்தின் 8 கியர் பெட்டியின் ஒரு வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 4-வது கியர் 1.667, 3-வது 2.104, 2-வது 3.130. நான்கிலிருந்து மூன்றுக்கு வந்தால் 2000 ஆர்பிஎம் சுமார் 2500 ஆகும். மூன்றிலிருந்து இரண்டுக்கு வந்தால் அதே 2000 கிட்டத்தட்ட 3000-க்குத் தாவும். கீழே போகப் போகத் தாவல் பெரிதாகும். அதனால் இரண்டாவது கியருக்கு வரும் முன் பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: 'டி'-யில் இழுப்பதும் 'எம்'-மில் இழுப்பதும் ஒன்றல்ல

புதிதாகப் பயன்படுத்துபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

லீவர் 'டி'-யில் இருக்கும்போது பேடிலை இழுத்தால் கிடைப்பது தற்காலிக அதிகாரம். சில விநாடிகள் ஒரே சீராக ஓட்டினாலோ, ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலோ, வண்டி நின்றாலோ கார் சத்தமில்லாமல் தானியங்கிக்குத் திரும்பிவிடும். எப்போது திரும்பும் என்பது காருக்குக் கார் மாறும். இறக்கமும் வளைவும் தெரிந்தால் திரும்பாமல் காத்திருக்கும் கார்களும் உண்டு, எதையும் பார்க்காமல் திரும்பிவிடும் கார்களும் உண்டு.

மலை இறக்கத்தில் என்ன ஆகும் பாருங்கள். மூன்றாவது கியருக்கு இறக்கிவிட்டு நிம்மதியாக வருகிறீர்கள். நடுவே கொஞ்சம் சமதளம் வருகிறது, ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொடுகிறீர்கள். மீட்டரில் '3' மறைந்து 'டி' வந்துவிடுகிறது. அடுத்த இறக்கத்தில் கார் ஐந்தாவதிலோ ஆறாவதிலோ வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. 'பேடில் வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பல இதுதான். கோளாறு ஒன்றும் இல்லை.

ஆகவே நீண்ட இறக்கம் என்றால் இறங்கத் தொடங்கும் முன்பே லீவரை 'எம்'-முக்கு (M, மேனுவல்) மாற்றுங்கள். சில கார்களில் 'எஸ்'-ஸில் (S, ஸ்போர்ட்) வைத்துப் பேடிலை இழுத்தால்தான் நிலையான மேனுவல் வரும். மீட்டரில் 'எம்3' என்பதுபோல் தெரிந்தால் பெரும்பாலும் கியர் அப்படியே நிலைத்திருக்கும். வெறும் எண்ணோ 'டி3' போன்றோ தெரிந்தால் தற்காலிகம் என்று சந்தேகப்படுங்கள். சமதளத்திலேயே சோதிக்கலாம்: பேடிலை இழுத்துவிட்டு வேகத்தை மாற்றாமல் ஓட்டுங்கள், எத்தனை விநாடியில் 'டி' திரும்புகிறது என்று எண்ணுங்கள்.

முந்தி முடித்த உடனே 'டி'-க்குத் திரும்ப வேண்டுமா? பல கார்களில் வலது பேடிலை ஓரிரு விநாடி இழுத்தே பிடித்தால் போதும்.

'எம்'-முக்கும் ஒரு தொல்லை உண்டு. மறந்துபோய் அதிலேயே நெடுஞ்சாலைக்கு வந்தால் என்ஜின் 4000-ல் கதறிக்கொண்டிருக்கும், பாட்டுச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்காது. ஆர்பிஎம் மீட்டரின் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் தானே கியர் ஏற்றும் கார்கள் உண்டு, ஏற்றாமல் அங்கேயே முட்டிக்கொண்டிருக்கும் கார்களும் உண்டு. உங்களுடையது எது என்று கையேட்டில் பாருங்கள். ஓட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டாம்.

படி 4: இறக்கம்

வரிசை முக்கியம். முதலில் பிரேக், பிறகு பேடில். வேகத்தைக் குறைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு ஒரு கியராக இறக்குங்கள். இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்த நிலையில் வேகம் ஏறக்குறைய அப்படியே நின்றால் அதுதான் சரியான கியர். ஒவ்வொரு வளைவுக்கும் இடையிலும் பிரேக்கைத் தேட வேண்டியிருந்தால் இன்னும் ஒன்று இறக்குங்கள்.

3000, 3500 ஆர்பிஎம் சத்தம் கேட்டுப் பயந்து கியரை ஏற்றிவிடாதீர்கள். பெட்ரோல் என்ஜினுக்கு அது சாதாரணம். காலை எடுத்த நிலையில் இன்ஜெக்டர்கள் எரிபொருளை நிறுத்திவிடும் என்பதால் அந்தச் சத்தத்துக்கு எரிபொருள் செலவும் இல்லை. பிரேக்கை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. டாட் 4 பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155. டாட் 3-க்கு 205-ம் 140-ம். கொதித்து ஆவி சேர்ந்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. தேவைப்படும்போது பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து முழுசாக விடுங்கள். லேசாகத் தேய்த்துக்கொண்டே இறங்குவதுதான் மோசம்.

கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும் முன்பே கியரை இறக்கிவிடுங்கள். ஸ்டியரிங்கோடு சுற்றும் பேடில்கள் அரை வட்டம் திரும்பினால் இடது வலதாகிவிடும். ஆல்ஃபா ரோமியோ ஜூலியாவில் உள்ளதுபோல் ஸ்டியரிங் தண்டிலேயே நிலையாகப் பொருத்தியவற்றில் இந்தக் குழப்பம் இல்லை, ஆனால் பாதி திருப்பத்தில் கை எட்டாது.

இன்னும் இரண்டு விஷயம். என்ஜின் பிரேக்கிங்கில் உங்கள் பிரேக் விளக்கு எரியாது, பின்னால் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கைக் காட்டுங்கள். ஈரத்திலும் பனியிலும் திடீரென்று கீழ் கியருக்கு வந்தால் இழுக்கும் சக்கரங்கள் பிடிமானத்தை இழக்கலாம். அங்கே பொறுமையாக இறக்குங்கள்.

படி 5: முந்துதல்

எட்டாவது கியரில் 1600 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். இடது பேடிலை மூன்று முறை தட்டினால் அதே இசட்எஃப் பெட்டியில் ஐந்தாவது கியர், சுமார் 3100 ஆர்பிஎம். இதை முன்வண்டிக்குப் பின்னால் இருக்கும்போதே செய்யுங்கள், பிறகு வழி பார்த்து மிதியுங்கள். மிதித்த பிறகு கியர் தேடும் அந்தத் தயக்கம் இருக்காது.

பேடிலையும் ஆக்ஸிலரேட்டரையும் ஒரே நேரத்தில் அழுத்துவதுதான் இங்கே வழக்கமான தவறு. உங்கள் மனு ஒரு கியர், கிக்டவுன் (ஆழமாக மிதித்தால் கார் தானே கியர் இறக்குவது) இன்னொரு கியர் என்று இரண்டு சேர்ந்து இறங்கி, என்ஜின் அலறி, உடனே மறுபடி மேலே ஏறும்.

இழுத்தும் கியர் இறங்கவில்லையா?

இறங்கினால் என்ஜின் எல்லை மீறும் என்று கம்ப்யூட்டர் மறுத்திருக்கும். எண் மின்னும் அல்லது 'பீப்' கேட்கும். மேலே சொன்ன பெட்டியில் மூன்றாவதில் 4500-ல் இருந்துகொண்டு இரண்டாவதைக் கேட்டால் 6700 வரும், பல என்ஜின்களுக்கு அது எல்லைக்கு வெளியே. பிரேக் பிடித்துவிட்டு மறுபடி இழுங்கள். என்ஜின் குளிர்ந்திருக்கும்போதும் சில கார்கள் மறுக்கும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு

பேடில் இருந்தாலும் வேலை வேறு. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவற்றில் இடது பேடில் ரீஜென் பிரேக்கிங்கை (வேகத்தைக் குறைத்து அதை மின்சாரமாகப் பேட்டரியில் சேர்ப்பது) கூட்டும், வலது குறைக்கும். இறக்கத்தில் அருமையாக இருக்கும். ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் பலவீனமாகும், மின்சாரத்தைக் கொண்டுபோய் வைக்க இடமில்லை. மலை உச்சியில் 100 சதவீதம் சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்காதீர்கள். 'ஐயோனிக் 5 N' என்ற ரகத்தில் பேடிலைத் தட்டினால் இல்லாத எட்டு கியர்களை மாற்றுவதுபோல் பாவனை காட்டும், அது முழுக்க விளையாட்டு.

வாங்கலாமா, பின்னால் பொருத்தலாமா?

மலைப்பாதையிலோ, பாரம் ஏற்றியோ, இருவழிச் சாலையிலோ அடிக்கடி ஓட்டுகிறீர்கள், கியர்பாக்ஸ் டார்க் கன்வெர்ட்டர் அல்லது டூயல் கிளட்ச் என்றால் வாங்குங்கள். நகர நெரிசல் மட்டும்தான் என்றால் தூசுதான் படியும். லீவரிலேயே + − இருந்தால், பேடிலுக்காக மட்டும் மேல் வேரியன்ட்டுக்குப் போகாதீர்கள், இரண்டும் அனுப்புவது ஒரே மனுதான். லீவரில் எந்தப் பக்கம் + என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சிவிடியில் 'எல்' (L) அல்லது 'பி' (B, பார்க்கிங்குக்கான P அல்ல) இருந்தால் இறக்கத்துக்கு அதுவே போதும்.

இருக்கும் பேடில் மேல் ஒட்டும் அலுமினியத் தகடு வாங்குவதென்றால், இண்டிகேட்டர், வைப்பர் தண்டுகளில் இடிக்கிறதா என்று ஒட்டும் முன் பிடித்துப் பாருங்கள். பேடிலே இல்லாத காரில் பொருத்துவது வேறு கதை. ஏர்பேக்கைக் கழற்ற வேண்டும், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் சுருள் கேபிளில் அதற்கான இணைப்பு இருக்க வேண்டும், கியர்பாக்ஸ் மென்பொருளிலும் இயக்க வேண்டும். உங்கள் வேரியன்ட்டில் வயரிங் ஏற்கெனவே வந்திருந்தால் யோசிக்கலாம், அப்போதும் சர்வீஸ் கையேட்டில் சொன்னபடி பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்த பிறகே ஏர்பேக்கில் கை வைக்க வேண்டும். வயரிங் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.