பாமினிக் கோப்பு ஒன்றிலிருந்து ஒரு வலைப்பதிவு: வலைத்தொழிலுக்குப் புதியவர்களுக்கான செய்முறை

வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடைக்கு இணையத்தளம் செய்யப் போன தம்பி ஒருவர், சில வருடங்களுக்கு முன் இரவு பத்தரைக்கு எனக்கு வட்ஸ்அப் பண்ணினார். "அண்ணா, கடைக்காரர் தந்த வேர்ட் கோப்பைத் தளத்தில ஒட்டினா ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா வருது. என்ன செய்யிறது?"

கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடிக்கப்பட்டிருந்தது. அந்த வருடத்தில் இதே கேள்வியோடு வந்த நாலாவது ஆள் அவர். இந்த முறை பதிலை அவருக்கு மட்டும் அனுப்பாமல், படங்களோடு எழுதி என் வலைப்பதிவில் போட்டேன். நான் பெருமையோடு எழுதிய பெரிய கட்டுரைகள் எத்தனையோ இருக்க, இன்றுவரை தேடி வருகிறவர்களில் அதிகம் பேர் வந்து சேருவது அந்தப் பதிவுக்குத்தான்.

கொழும்பில் வலைத்தொழிலுக்குள் புதிதாக வரும் தம்பி தங்கச்சிமாருக்காக இதை எழுதுகிறேன். ஒரு வலைப்பதிவை எப்படித் தொடங்குவது, அதை வாசிக்க ஆட்கள் எப்படி வருவார்கள், எந்தக் கருவிகள் கைகொடுக்கும் என்பதை நான் செய்து பார்த்த ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

"வலைப்பதிவு எல்லாம் முடிஞ்ச கதை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நினைப்பது ஒரு பழைய காலத்தை. வலைப்பதிவு நடத்த உதவும் ப்ளொக்கர் 1999இல் வந்தது, வேர்ட்பிரஸ் 2003இல். புதிய தமிழ்ப் பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தபின், பதிவு போட்ட சிறிது நேரத்திலேயே வாசகர் வந்துவிடுவார். திரட்டியின் முகப்பே எங்களுக்குச் சந்தி மாதிரி இருந்தது. பிறகு கூட்டம் பேஸ்புக்குக்குப் போனது, பல பதிவுகளை ஓரிடத்தில் வாசிக்கத் தந்த கூகிள் ரீடரும் 2013இல் மூடப்பட்டது. ஆனால் பேஸ்புக்கில் நான் எழுதிய ஒன்றைப் போன கிழமைக்குரியது என்றாலும் எனக்கே தேடி எடுப்பது கஷ்டம். பாமினிப் பதிவோ தேடுகிறவருக்குக் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. இப்போதைய வாசகர் தேடுபொறியின் வழியாகவும், நண்பர் அனுப்பும் வட்ஸ்அப் இணைப்பின் வழியாகவும் வருகிறார். ஆகவே நாங்கள் எழுதும் விதமும் அதற்கேற்ப மாறவேண்டும்.

படி 1: கேள்வியைப் பிடியுங்கள்

தலைப்பு யோசித்துக்கொண்டு இருக்க வேண்டாம். உங்கள் வட்ஸ்அப்பைத் திறந்து, கடந்த இரண்டு மாதத்தில் வேலை சம்பந்தமாக மற்றவர்களுக்கு என்னென்ன விளங்கப்படுத்தினீர்கள் என்று பாருங்கள். ஒரே விளக்கத்தை இரண்டு தடவைக்கு மேல் கொடுத்திருந்தால், அதுதான் உங்கள் முதல் பதிவு.

பக்கத்துக்குத் தோற்றம் கொடுக்கும் சி.எஸ்.எஸ். என்றால் என்ன என்று எழுதத் தேவையில்லை. அதை ஆங்கிலத்தில் நன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். எங்களுடைய சிக்கல்கள் வேறு. சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உள்ள தளத்தில் மொழி மாற்றும் பொத்தானை எங்கே வைப்பது? ஆங்கிலத்தில் ஒரு சொல்லோடு முடிகிற பொத்தானுக்குள் "தொடர்புகொள்ளுங்கள்" என்று போட்டதும் எழுத்து வெளியே வழிகிறதே, என்ன செய்யலாம்? புறக்கோட்டைக் கடைக்காரர் ஒருவர் விலைப்பட்டியலைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பினால் அதைத் தளத்தில் எப்படி ஏற்றுவது? இவற்றுக்கு உலகத்தில் வேறு யாரும் பதில் எழுதப் போவதில்லை. நீங்கள்தான் எழுதவேண்டும்.

படி 2: ஒரு இடம்

ப்ளொக்கரில் ஜிமெயில் கணக்கு இருந்தால் பத்து நிமிடத்தில் தொடங்கலாம், காசு இல்லை. வலைப்பக்கங்களைக் கட்டும் மொழியான எச்.டி.எம்.எல். தெரிந்தவர், கோப்புகளை ஏற்றினால் தளமாகக் காட்டும் கிட்ஹப் பேஜஸில் தொடங்கினால் கோப்புகள் எல்லாம் அவர் கையிலேயே இருக்கும், அதுவும் இலவசம். வேர்ட்பிரஸில் இரண்டு வகை உண்டு. அவர்களே நடத்தும் தளத்தில் கணக்குத் திறப்பது ஒன்று. மென்பொருளை இறக்கி, நீங்கள் வாடகைக்கு எடுத்த சேர்வரில், அதாவது தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியில், நிறுவுவது மற்றது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். தொழிலாக வேர்ட்பிரஸ் செய்யப் போகிறவர் என்றால் இரண்டாவதைத் தெரிவுசெய்யுங்கள். பழகுவதற்கு உங்கள் சொந்தப் பதிவைவிட நல்ல இடம் இல்லை.

டொமைன் பெயரை, அதாவது தளத்துக்கென்று சொந்த முகவரியை, பிறகு வாங்கலாம். எங்கள் நாட்டுக்கு 2010இல் இருந்து "டொட் இலங்கை" என்று தமிழிலேயே முடியும் முகவரியும் உண்டு என்பதைத் தெரிந்து வைத்திருங்கள். வாடிக்கையாளருக்குச் சொன்னால் அவர்கள் முகத்தில் ஒரு சந்தோசம் தெரியும்.

எந்த இடமென்றாலும் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து வையுங்கள். நான் காசு கட்டி இடம் எடுத்திருந்த ஒரு நிறுவனத்தின் சேர்வர் ஒருநாள் விழுந்தது. அதோடு என் இரண்டு வருடப் பதிவுகளும் போயின. பழைய வலைப்பக்கங்களைச் சேமித்து வைக்க இன்ரநெற் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் என் பழைய முகவரியைப் போட்டுத் தேடி, ஒரு பகுதியை மட்டும் மீட்டேன். மிச்சம் மிச்சம்தான்.

படி 3: பதிவை எழுதுதல்

பாமினிப் பதிவையே உதாரணமாக எடுக்கிறேன்.

முதல் பந்தியிலேயே பதிலைச் சொல்லிவிட்டேன்: "உங்கள் கோப்பு யூனிகோட்டில் இல்லை. மாற்றிக்கொண்டு பிறகு ஒட்டுங்கள்." அவசரத்தில் வந்தவருக்கு அது போதும். காரணத்தை அடுத்த பந்தியில் வைத்தேன். பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. எழுத்துருவை எடுத்துவிட்டால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துத்தான். புள்ளி வரவேண்டிய இடத்தில் அரைப்புள்ளி நிற்கும். யூனிகோட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் அதற்கே உரிய எண் உண்டு, எந்த எழுத்துரு போட்டாலும் அது தமிழாகவே இருக்கும். கூகிளில் தேடுபடுவதும் இதனால்தான். பாமினியில் கிடக்கும் தளம் ஒன்றைத் தமிழில் தேடி யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு செய்முறை. மாற்றுவதற்கு இங்கே பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது சுரதா என்ற இணையக் கருவி. கணினியில் நிறுவிப் பாவிப்பதற்கு என்.எச்.எம். கன்வெர்ட்டர். மாற்றுவது ஒரு நிமிட வேலை, சரிபார்ப்பதுதான் உண்மையான வேலை. அந்தப் பகுதியை நான் நீட்டி எழுதினேன். கோப்புக்குள் இருந்த ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும்கூட மாற்றும் கருவி தமிழென்று எண்ணி உருத்தெரியாமல் ஆக்கிவிடும். ஆகவே மாற்றுவதற்கு முன்பே அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். பாமினியில் "கொ" என்பதைக் கொம்பு, "க", கால் என்று கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் அடிப்பார்கள். யூனிகோட்டில் "க" முதலில், உயிர்க்குறி பின்னால். சில மாற்றிகள் கொம்பையும் காலையும் இரண்டு துண்டாகவே விட்டுவிடும். திரையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் தளத்துக்குள் தேடும்போது சொல் அகப்படாது. "ஔ" வரவேண்டிய இடத்தில் "ஒ"வும் "ள"வும் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஔவையார் வீதி என்று முகவரி உள்ள வாடிக்கையாளர் இருந்தால் இது உடனே பிடிபடும்.

கவனித்துப் பாருங்கள், அந்தப் பதிவுக்கு வாசகரைக் கொண்டுவந்து சேர்ப்பது இந்தச் சரிபார்ப்புப் பகுதி. மாற்றியின் பெயரை யாரும் சொல்லலாம். கையைச் சுட்டுக்கொண்டவருக்குத்தான் எங்கே சுடும் என்று தெரியும். உங்கள் பதிவிலும் அந்த இடத்தில் நின்று நிதானமாக எழுதுங்கள்.

தலைப்பை, அந்த இரவு பத்தரைக்கு அந்தத் தம்பி கூகிளில் என்ன அடித்திருப்பாரோ அப்படி வையுங்கள். "எழுத்துருக்களின் எதிர்காலம்" என்று யாரும் தேடமாட்டார்கள். எங்கள் ஆட்கள் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் தேடுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அதற்கு அடுத்த படி உதவும்.

படி 4: முகவரியின் கடைசித் துண்டு

இதைச் சின்ன விசயம் என்று விட்டுவிடுகிறார்கள். தமிழ்த் தலைப்பு வைத்தால், ப்ளொக்கர் அந்தத் துண்டுக்கு "ப்ளொக் போஸ்ட்" என்று பொதுவான ஒரு பெயரைத்தான் ஆங்கிலத்தில் போடும். வேர்ட்பிரஸ் தமிழை அப்படியே எடுக்கும், ஆனால் முகவரிக்குள் தமிழ்க் குறியீடு ஒன்று, யூனிகோட்டைக் கணினி எழுதிவைக்கும் யூ.டி.எப்-8 முறையில், மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாகும். ஆக ஒரு குறியீட்டுக்கு ஒன்பது எழுத்து. "கொழும்பு" என்ற சொல்லில் எட்டுக் குறியீடுகள்; முகவரியில் அது 72 எழுத்து. அந்தத் துண்டுக்கு வேர்ட்பிரஸ் கொடுக்கும் இடம் 200 எழுத்துத்தான். மூன்று சொல் வருவதற்குள் அறுந்துவிடும். வட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறிகள் வரிசையாக நீளும். அதைப் பார்த்து ஏதோ வைரஸ் என்று பயந்து அமத்தாமல் விட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆகவே பிரசுரிப்பதற்கு முன் பெர்மாலிங்க் என்ற இடத்தில் நீங்களே ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொல் கொடுங்கள்: "பாமினி", "யூனிகோட்", நடுவில் ஒரு சிறுகோடு. ஆங்கில எழுத்தில் தேடுகிறவருக்கும் அது பொருந்தும். பிரசுரித்தபின் மாற்றினால், ஏற்கனவே பகிரப்பட்ட இணைப்புகள் உடைந்துவிடலாம்.

படி 5: எழுத்தும் எடையும்

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு, டேட்டாவை எண்ணி எண்ணிப் பாவிக்கும் ஒருவர்தான் உங்கள் வாசகர் என்று நினைத்துச் செய்யுங்கள்.

எழுத்துருக்கள் தரும் கூகிள் பொன்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கட்டமரன் எல்லாம் இலவசம். ஒன்றை எடுங்கள், இரண்டு தடிப்புக்கு மேல் ஏற்ற வேண்டாம். தமிழுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். வரி உயரத்தை எழுத்தளவின் 1.7 மடங்கில் வைத்தால் வாசிக்கச் சுகம். ஆங்கிலப் பக்கத்தில் செய்வது போல் எழுத்தைச் சாய்க்கவோ எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடவோ கூடாது, தமிழ் வடிவம் குலைந்துபோகும்.

திரையைப் பிடித்த படங்களை, அதாவது ஸ்கிரீன்ஷொட்களை, ஸ்குவூஷ் என்ற தளத்தில் போட்டுச் சுருக்கி, வெப்பி என்ற எடை குறைந்த பட வடிவில் ஏற்றுங்கள். ஸ்குவூஷ் உலாவிக்குள்ளேயே வேலை செய்யும், ஒன்றும் நிறுவத் தேவையில்லை. பிறகு பக்கத்தின் வேகத்தை அளக்கும் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் முதலில் தெரியும் மிகப் பெரிய படமோ எழுத்துப் பகுதியோ 2.5 செக்கனுக்குள் திரைக்கு வந்தால் கூகிள் அதை நல்லது என்று கணக்கெடுக்கும்.

படி 6: பக்கத்தில் வைத்திருக்கவேண்டிய தளங்கள்

நூறு இணைப்புகள் உள்ள பட்டியல் ஒருவருக்கும் உதவாது. நான் தினமும் திறப்பவை கொஞ்சம்தான். முதலாவது எம்.டி.என்., 2005இல் மொசில்லா தொடங்கிய விளக்கத் தளம்; எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். பற்றி எது எழுதினாலும் முதலில் அங்கே சரிபார்ப்பேன். ஒரு புதிய வசதி பழைய கைத்தொலைபேசிகளில் வேலை செய்யுமா என்று பார்க்க கேன் ஐ யூஸ். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு நடத்தும் வலிடேட்டர், மூடாமல் விட்ட குறிச்சொல்லைக் காட்டிக்கொடுக்கும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான நிற வேறுபாடு 4.5க்கு 1 ஆவது இருக்கவேண்டும் என்ற அணுகல் விதியை மனதில் வையுங்கள்; வெளிர் சாம்பலில் தமிழ் எழுதினால் எங்கள் அம்மா அப்பாமாருக்குத் தெரியாது.

தமிழில் என்ன சொல் போடுவது என்று நின்றுவிட்டால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடநூல்கள் தமிழில் இலவசமாக உண்டு. எங்கள் பள்ளிப் பிள்ளைகள் படித்த சொல் அதுதான், அவர்கள்தான் நாளைய வாசகர்கள். ஊர்ப் படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா பொதுவகம்; எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் படத்தின் கீழ் எழுதிவிடுங்கள். கூகிளில் கண்ட படத்தை எடுத்து ஒட்டுவது தொழில் செய்கிறவருக்கு அழகல்ல.

படி 7: யார் வந்தார்கள் என்று பார்த்தல்

தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகிள் சேர்ச் கொன்சோலில் உங்கள் தளத்தைச் சேருங்கள், உரிமையாளர் நீங்கள்தான் என்பதை உறுதிசெய்யுங்கள், பக்கங்களின் பட்டியலான தளவரைபடக் கோப்பைக் கொடுங்கள். ப்ளொக்கரும் வேர்ட்பிரஸும் அந்தக் கோப்பைத் தாங்களே உருவாக்கி வைத்திருக்கும். பிறகு ஒரு மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம். தினமும் பார்த்துப் பார்த்து மனமுடைந்து விட்டுவிட்ட பிள்ளைகள் எத்தனை பேர்.

மாதம் கழித்து, மக்கள் என்ன அடித்து உங்களிடம் வந்தார்கள் என்ற பட்டியலைப் பாருங்கள். எத்தனை தடவை தேடல் முடிவில் தெரிந்தது, எத்தனை பேர் அமத்தினார்கள் என்ற இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். நிறையத் தடவை தெரிந்து ஒருவரும் அமத்தவில்லை என்றால் தலைப்பில் பிழை. தேடியவரின் சொல் அதில் இல்லை. நீங்கள் எழுதாத ஒரு கேள்விக்காக உங்களிடம் வந்திருந்தால், அதுவே அடுத்த பதிவு. என்னுடைய பட்டியலில் "பாமினி கைத்தொலைபேசியில் தெரியவில்லை" என்று ஆங்கில எழுத்தில் திரும்பத் திரும்ப வந்தது. நான் அதைப் பற்றி ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. உட்கார்ந்து எழுதினேன்.

காசு கொடுத்து விருப்பக்குறி வாங்க வேண்டாம். வட்ஸ்அப் குழுக்களில் இணைப்பை மட்டும் வீசிவிட்டுப் போகவும் வேண்டாம். யாராவது கேள்வி கேட்கும்போது இரண்டு வரியில் பதில் சொல்லி, முழுவதும் இங்கே இருக்கிறது என்று இணைப்பைக் கொடுங்கள். அப்படி வந்தவர் திரும்ப வருவார்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய பதிவுகளைத் திறந்து, படிகள் இன்னும் சரியா என்று செய்து பாருங்கள். பொத்தான்களின் இடம் மாறியிருக்கும், ஒரு கருவி நின்றுபோயிருக்கும். திருத்திவிட்டு, திருத்திய திகதியைப் பதிவின் உச்சியில் போடுங்கள். என்னுடைய பாமினிப் பதிவில் இப்போது அப்படி ஐந்து திகதிகள் இருக்கின்றன.