மூன்றடி மீன் தொட்டிக்கு இரண்டரையடி ஸ்டாண்ட் போதுமா?

மீன் தொட்டி சும்மா கிடைத்துவிடும், அதற்கேற்ற ஸ்டாண்ட்தான் கிடைக்காது. கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் ஃப்ளாட்டில் மேல்மாடி அண்ணன் வீடு மாறும்போது தன் மூன்றடித் தொட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். என்னிடம் இருந்ததோ 30 அங்குல மரமேசை. வைத்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் வெளியே நிற்கிறது. "மேல ஒரு பிளைவுட் போடு, சரியாயிடும்" என்று சொல்லாத ஆள் இல்லை.

சரியாகாது. கணக்கைப் பாருங்கள். 36க்கு 18க்கு 18 அங்குலத் தொட்டி விளிம்புவரை ஏறத்தாழ 190 லிட்டர் பிடிக்கும், லிட்டருக்கு ஒரு கிலோ. கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்தால் 240 கிலோவைத் தொட்டுவிடும். மூன்று பெரிய ஆட்கள் மேசைமேல் ஏறிக்கொண்டு வருடக்கணக்கில் இறங்காமல் நிற்கிற மாதிரி. அந்தப் பாரத்தை ஓரக் கண்ணாடிகளுக்குக் கீழேயும் தாங்க வேண்டும். நம் தொட்டியிலோ நான்கு மூலையும் அந்தரத்தில் தொங்குகின்றன. முன்கண்ணாடி செங்குத்தாக நிற்பதால் நல்ல விறைப்பு, அன்றைக்கே உடையாது. அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். இழுவிசை அடிக்கண்ணாடிக்கும், கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கன் பசைக்கும் போகும், சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் தரை ஈரமாக இருக்கலாம்.

வெறும் 18 மில்லிமீட்டர் பிளைவுட், ஓரத்தில் தாங்க ஒன்றுமில்லை என்றால், இந்தப் பாரத்துக்கு வளையும். பலகைக்கு அடியில் சட்டம் வேண்டும்.

முதலில் மேசைப் பலகையை விட்டுவிட்டுக் கால்களை அளந்து பாருங்கள். பலகை 30 அங்குலம் இருந்தாலும் கால்கள் இன்னும் உள்ளே தள்ளி இருக்கலாம், தொங்கல் அங்கிருந்துதான் கணக்கு. பக்கத்துக்கு மூன்று அங்குலம்வரை நான் துணிவேன், அதற்கு மேல் வேண்டாம். அகலம் போதாமல் முன்பக்கம் தொங்குகிறதா? அந்த மேசையை மறந்துவிடுங்கள், குழந்தை ஒன்று தொட்டியைப் பிடித்துத் தொங்கினால் எல்லாம் முன்னால் சாய்ந்துவிடும். மரத்தூளை அழுத்திச் செய்த சிப்போர்டு டிவி கேபினட்டும் கூடாது, தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி ஊறும்.

சட்டத்துக்கு 2க்கு 4 அங்குல மெராந்தி மரக் கட்டையில் 36 அங்குலத் துண்டு இரண்டு எடுத்து, படுக்க வைக்காமல் நிமிர்த்தி, ஒன்று முன்கண்ணாடிக்கு நேர் கீழே, ஒன்று பின்கண்ணாடிக்கு நேர் கீழே வருமாறு வையுங்கள். இரண்டும் மேசைக் கால்களுக்கு நேர் மேலே உட்கார வேண்டும், மரத்தின்மேல் மரம். திருகாணி அசையாமல் பிடிக்க மட்டும், பாரத்தை அதில் தொங்கவிடாதீர்கள். இரண்டு முனையிலும் நடுவில் அடிக்கு ஒன்றுமாகக் குறுக்குக்கட்டை. அதற்கு மேல் தொட்டி அளவுக்கே வெட்டிய மரைன் பிளைவுட், வெட்டிய விளிம்புக்கும் சேர்த்து வார்னிஷ்.

அப்புறம் மேசையைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். ஆடுகிறதா? மேசை நசுங்கி விழுவதைவிட ஆடி மடங்கி விழுவதுதான் அதிகம். பின்பக்கம் முழுப் பிளைவுட் ஒன்றை அடித்தால் ஆட்டம் நிற்கும். அப்போதும் நிற்கவில்லை என்றால் கேட், கிரில் அடிக்கும் கடைக்குப் போய் இரும்பு ஹாலோவில் (உள்ளே வெற்றான சட்டக் குழாய்) சரியான அளவு ஸ்டாண்ட் ஒட்டச் சொல்லுங்கள், வெள்ளி (ரிங்கிட்) கொஞ்சம் கூடப் போனாலும் நிம்மதி.

தொட்டிக்கு அடியில் பாலிஸ்டிரீன் (தெர்மகோல்) பலகை போடுவது சின்ன மேடுபள்ளத்தைச் சமாளிக்க மட்டும். தொங்கலுக்கு அது மருந்தில்லை. அடியில் பிளாஸ்டிக் சட்டம் உள்ள தொட்டி என்றால் அதுவும் தேவையில்லை. மட்டம் சரியில்லை என்றால் ஆப்பு வைக்க வேண்டியது மேசைக் காலுக்கு அடியில், தொட்டிக்கு அடியில் இல்லை.

மணலும் மீனும் இல்லாமல் கால் பங்கு தண்ணீர் ஊற்றி, ஸ்கேலை வைத்து நான்கு மூலையிலும் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர்வரை அளந்து எழுதுங்கள். பாதி நிரம்பியதும் ஒரு தடவை, முழுதும் நிரம்பியதும் ஒரு தடவை, அப்புறம் மூன்று நாளைக்குத் தினமும். எண்கள் மூலைக்கு மூலை விலகிப்போனால் ஏதோ இறங்குகிறது. எனக்கு இரண்டாம் நாள் வலது முன்மூலை 3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. தண்ணீரை முழுக்க வெளியேற்றிவிட்டுப் பார்த்தால், கட்டைக்கும் மேசைக் காலுக்கும் நடுவில் ஒரு பழைய ஆணித்தலை துருத்திக்கொண்டிருக்கிறது. பிடுங்கிப் போட்டு மறுபடி நிரப்பினேன், என் ஃபிளவர்ஹார்ன் மீன் இன்னும் நான்கு நாள் வாளியிலேயே முறைத்துக்கொண்டு கிடந்தது.